தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா (இசைக்குழு)

நாட்டின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட அமெரிக்க சைகடெலிக் ராக் குழு. 1967-இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவாகி, 1968-லேயே கலைந்துபோனது. வெளியிட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அந்தக் காலத்து ராக் பதிவுகளில் மிகத் துணிச்சலானவற்றைப் பட்டியலிட்டால் அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

குழுவை அமைத்தவர் ஜோசப் பேர்ட். நியூயார்க்கின் பரிசோதனை இசை வட்டத்திலிருந்து வந்த இசையமைப்பாளர். கம்யூனிஸ்ட் கொள்கையில் வெளிப்படையான பற்றுள்ளவர். பாடகி டாரதி மாஸ்கோவிட்ஸ், தென்னிந்திய இசைக்கலைஞர் காயத்ரி ராஜாபூரின், ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் பங்கேற்ற அனுபவம் உடையவர். அவருடைய குரலில் ராக் பாடகிகளுக்குரிய ஆவேசம் கிடையாது. நிதானமாக, நடுக்கமில்லாமல் பாடுவார். சுற்றிலும் மின்னொலிகள் இரையும்போது அந்த நிதானமே கேட்பவரைக் கட்டிப்போடுகிறது.

கிட்டாரை நம்பியே ராக் இசை நடந்த நாட்களில், பேஸ் தவிர வேறு கிட்டாரே இல்லாமல் களமிறங்கியது இந்தக் குழு. அந்த இடத்தைக் கார்டன் மாரனின் மின் வயலின் நிரப்பியது. ராண்ட் ஃபோர்ப்ஸ் ஃப்ரெட் இல்லாத பேஸ் வாசித்தார். ராக் இசையில் அது அன்று அபூர்வம். டிரம்ஸ் வாசித்த கிரெய்க் உட்சன், தன் வாத்தியங்களில் மைக்குகளை ஒட்டி ஒலியை மாற்றிப் பார்த்தார். ரிச்சர்ட் டரெட் வடிவமைத்த சிந்தசைசரும், ரிங் மாடுலேட்டரும் குழுவிடம் இருந்தன. பின்னாளில் சிந்தசைசர் உலகில் பெரும் பெயராக விளங்கிய டாம் ஓபர்ஹைம், இவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தவர். ரிங் மாடுலேட்டர் என்ற கருவி அவருக்கு அறிமுகமானதும் மாஸ்கோவிட்ஸ் வழியாகத்தான்.

1967 டிசம்பரில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு நடந்தது. தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சன். முதல் பாடலான ‘தி அமெரிக்கன் மெட்டாஃபிசிக்கல் சர்க்கஸ்’ சர்க்கஸ் கூடாரத்து இசையோடு தொடங்குகிறது. அதன்மேல் பேண்டு வாத்திய அணிவகுப்புகள் ஏறி, ஒன்றோடொன்று மோதி, இடமும் வலமுமாக நகர்கின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் தலைக்குள்ளேயே ஊர்வலம் போவது போலிருக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸின் இசையை நேசித்த பேர்ட், அவருடைய உத்தியை இங்கே ராக் பாட்டுக்குள் கொண்டுவந்தார். கடைசிப் பாடலின் முடிவில், முன்பு வந்த பாடல்களின் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்ப ஒலிக்கின்றன.

தொகுப்பின் மிக மென்மையான பாடல் ‘லவ் சாங் ஃபார் தி டெட் சே’. சே குவேரா கொல்லப்பட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆன வேளையில் பதிவு தொடங்கியது. தலைப்பைக் கண்டு நிறுவனம் தயங்கியது, பேர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. கோஷமாக எழுதியிருக்கக்கூடியதை அவர் காதல் பாட்டாக எழுதினார். அரசியல் இசை என்றாலே முழக்கம்தான் என்ற எண்ணத்தை இந்த ஒரு பாட்டு உடைத்துவிடுகிறது.

1968 மார்ச்சில் வெளிவந்த இசைத்தட்டு பில்போர்டு பட்டியலில் 181-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் மட்டும், ‘தி ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்’ என்ற மலிவு விலைத் தொகுப்பில் ஒரு பாடல் இடம்பெற்றதால், இன்னும் பல காதுகளை எட்டியது. மேடையில் நிலைமை கடினம். ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகச் சேர்த்த ஒலிகளை அன்றைய கருவிகளைக் கொண்டு அப்படியே எழுப்ப முடியவில்லை. பேர்டுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உரசல் முற்றியது. அந்த ஆண்டிலேயே குழு உடைந்தது.

பேர்ட் 1969-இல் ‘ஃபீல்ட் ஹிப்பீஸ்’ என்ற புதிய கூட்டத்தோடு மற்றொரு இசைத்தட்டு வெளியிட்டார். மாஸ்கோவிட்ஸ் சில காலம் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டின் குழுவில் பாடினார். பழைய தொகுப்பு 2004-இல் கூடுதல் பதிவுகளுடன் மறுபடி வெளியானது. அதற்குள் பர்மிங்ஹாமின் ‘பிராட்காஸ்ட்’ குழு அந்த ஒலியைத் தன் இசைக்கு அடித்தளமாக்கிக்கொண்டிருந்தது. அதன் பாடகி ட்ரிஷ் கீனனின் பாடும் முறையில் மாஸ்கோவிட்ஸின் சாயல் நன்றாகவே தெரியும். 2023-இல், எண்பதைக் கடந்த வயதில், மாஸ்கோவிட்ஸ் ‘அண்டர் அன் எண்ட்லெஸ் ஸ்கை’ என்ற புதிய தொகுப்பை வெளியிட்டார். உடன் வாசித்தவர்களின் குழுப்பெயர்: ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் ஆல்கெமி’.