ஆடிப் பதினெட்டும் இல்லறமும்

கணவனும் மனைவியுமாகக் கொண்டாடுவதற்கென்று தமிழர் ஒரு நாளை வைத்திருந்தார்களா என்று யாரேனும் வினவினால், ஆடிப் பதினெட்டையே நான் காட்டுவேன். ஆற்றில் புதுவெள்ளம் பெருகும் நாள் என்று மட்டும் அதனைச் சொல்லி நிறுத்துவது போதாது.

ஆடி பிறந்ததும் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. ஆடியில் கருவுற்றால் கோடை முற்றிய சித்திரையில் பேறுகாலம் வரும் என்பது அதற்குப் பெரியோர் கூறும் காரணம். அந்தப் பிரிவு மாதத்தின் நடுவே வருகிறது பதினெட்டாம் நாள். மருமகனுக்கும் அழைப்புப் போகிறது. மணநாளில் சூடிய மாலைகளைப் போற்றி வைத்திருந்து, அன்று இருவருமாகச் சென்று நீரில் விடுகின்றனர். பெண் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கிறாள். சிதம்பரத்தார் கொள்ளிடக் கரையிலுள்ள வல்லம்படுகைக்குச் செல்வர். கடலூரார் பெண்ணையாற்றுக்கோ, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ செல்வர்.

புதுப்புனலும் காதலும் இணைந்த செய்தி மிகப் பழமையானது. வையையைப் பற்றிய பரிபாடல்களில் வெள்ளம் வந்ததென்று கேட்டு மதுரை மக்கள் திரண்டு ஓடுவதையும், நீராட்டின் இடையே காதலர் ஊடுவதையும் கூடுவதையும் காண்கிறோம். ஆடிப் பதினெட்டு அந்தப் புனல்விழாவின் நேர் வழித்தோன்றல் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நேயர்கள் கருதிப் பார்க்க வேண்டும். பரிபாடலில் மேலோங்கி நிற்பவர் காதலர். நம் ஆடிப் பெருக்கிலோ குழந்தைகளும் வந்து சேர்ந்துவிடுகின்றனர். ஆறே இங்கே தாயாகப் போகிறவள்! காவிரியன்னை கருவுற்றிருக்கிறாள், அவளுக்கு மசக்கை என்று சொல்லியே புளியோதரையும் எலுமிச்சை அன்னமும் தேங்காய் அன்னமும் ஆக்கிப் படைக்கிறார்கள். காதோலையும் கருகமணியும் நீரில் விடுகிறார்கள். மசக்கைக்காரியின் பெயரால் ஆக்கிய உணவில் பெரும்பங்கு பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறது.

அப்பிள்ளைகள் இழுத்து வருவது சப்பரம் என்னும் சிறு மரத்தேர். இந்த விளையாட்டும் நேற்று வந்ததன்று. கொள்ளிடத்துக்குத் தெற்கே இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், சிறுவர் உருட்டும் மூன்று உருளைத் தேர் ஒன்று வருகிறது. நெல்லைக் கவரவந்த கோழியை விரட்ட ஒரு பெண் எறிந்த காதணி, அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கிறதாம்.

1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன், காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணத்து ஏரிக்கரையில், ஓர் ஆடிப் பெருக்கு நாளன்றுதான் தொடங்குகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. கதைத்தலைவன் தனியே குதிரையில் வருகிறான். கரையிலோ குடும்பம் குடும்பமாகக் கூட்டாஞ்சோறு.

ஆனால் ஆறு எல்லா ஆண்டும் நம் நாட்காட்டிக்கு இணங்குவதில்லை. 2017இல் மேட்டூர் அணை அக்டோபர் 2ஆம் நாள்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ஆடியில் ஏது பெருக்கு? 2024இலோ ஜூலை இறுதியில் அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டது. இடையே 2020இல் ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 2ஆம் நாள், பெருந்தொற்றுக் கால முழு ஊரடங்கு ஞாயிறாக அமைந்தது. வறட்சி, வெள்ளம், நோய் மூன்றும் விழாவை வீட்டுக்குள் அனுப்பின. இவை இல்லாத ஆண்டிலுந்தான், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளைக் கொண்டு வெள்ளத்துறையில் இறங்க எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

வீட்டில் செய்வது குறைவான விழா என்று சிலர் எண்ணுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. குடத்து நீரில் மஞ்சளும் பூவும் இட்டு, விளக்கேற்றி வைத்தால் அதுவே காவிரி. மூத்த சுமங்கலி ஒருத்தி புதுக்கயிறு அணிவிக்கிறாள். மணமாலையை ஆற்றில் விட்ட நாள் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னே போய்விட்டது. இப்போது அந்த இருவருக்கும் ஒருவரோடொருவர் பேசவே நேரம் கிடைப்பதில்லை. சப்பரம் மட்டும் திண்ணையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து திண்ணைக்கும் ஓயாமல் போய் வருகிறது. அதன் கடகடவென்ற ஓசை கொல்லைப்புறத்தில் கேட்கும் அந்தச் சிறுபொழுதில்தான், கணவனும் மனைவியும் ஒரே இலையில் புளியோதரையை வைத்துக்கொண்டு உட்காருகின்றனர்.