கட்டிப் பார்த்தோம், காத்துப் பார்த்தோமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று நான் யோசித்ததுண்டு. ஓலைக் கூரையும் மண் சுவருமாக வாழ்ந்த காலத்தில் அதைச் சொல்ல அவசியம் இருந்திராது. மழைக்கு முன் கூரை வேய்வதும், பண்டிகைக்கு முன் சுவர் மெழுகுவதும் அன்றாடச் சமையலைப் போன்ற காரியங்கள். சர்க்கார் ஏழைக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்விக்கு உயிர் வந்தது. தூத்துக்குடிக் கடற்கரையின் சரித்திரத்தைப் புரட்டினால் இது விளங்கும்.

முத்துக் குளிப்பைச் 'சலாபம்' என்பது இந்தக் கரையின் வழக்கு. சலாபம் வருஷந்தோறும் வருவதல்ல. கடலடிப் பாரில் சிப்பி முற்றியிருந்தால்தான் உண்டு. அப்படி வாய்த்துவிட்டால், வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பிவிடும். 1905ஆம் வருஷம், கடலுக்கு அக்கரையில் மன்னாருக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் அப்படித்தான் நடந்தது. ஆள் நடமாட்டமில்லாத கரையில் கம்பும் கீற்றும் கொண்டு தெருத்தெருவாகக் குடியிருப்புகள் எழுந்தன. ஆஸ்பத்திரி வந்தது, கோர்ட்டு வந்தது, தபாலாபீஸும் சிறைச்சாலையும்கூட வந்தன. தூத்துக்குடிப் பரதவர்களும், கீழக்கரை முஸ்லிம்களும், அராபியரும் அங்கே மூச்சடக்கி மூழ்கினார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு; மிச்சம் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. சலாபம் முடிந்ததும் பட்டணம் கலைந்தது.

பல்லாயிரம் பேருக்குச் சில வாரங்களுக்குள் இருப்பிடம் அமைக்கத் தெரிந்த அந்த சர்க்கார், அதே மனிதன் சொந்த ஊர் திரும்பியபின் எந்தக் கூரையின் கீழ் படுத்தான் என்று கேட்கவில்லை. வருமானம் உள்ளவரை வீடு. வருமானம் தீர்ந்தால் மணல். அந்நிய ஆட்சியின் வீட்டு வசதிக் கொள்கை இதுதான் என்று நான் சொன்னால் மிகையாகாது.

இதற்குள் தூத்துக்குடி பெரிய ஊராகிவிட்டது. 1866இல் நகரசபை ஏற்பட்டது. 1888இல் கோரல் மில் வந்தது. துறைமுகமும் உப்பளமும் ஆள் கேட்டன. சுற்று வட்டாரத்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். வசதியுள்ளவர்கள் பவளப் பாறைக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசி வீடு கட்டினார்கள். மற்றவர்கள் குடிசை போட்டுக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீருக்கே தவித்த ஊர் இது. நகரசபைத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து பாடுபட்டு, 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகே ஊருக்கு மூச்சு வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1952இல் மத்திய சர்க்கார் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1961இல் வீட்டுவசதி வாரியமும், 1970இல் குடிசை மாற்று வாரியமும் சென்னை ராஜ்யத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலுமாகப் பிறந்தன. ஏழைக்கு வீடு என்பது தர்மமல்ல, உரிமை என்ற எண்ணம் வேரூன்றியது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் கடற்கரைக் காற்றுக்கு அரசாணை தெரியாது. உப்பு, கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப் பிடித்த கம்பி உப்பிப் பருக்கிறது. மேலே விரிசல் கண்டு, காரை பொறுக்குப் பொறுக்காக விழுகிறது. மணலிலேயே உப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கீற்றுக் கூரை பழுதானால் வீட்டுக்காரரும் அண்டை அயலாருமாக ஒரே நாளில் வேய்ந்துவிடுவார்கள். கான்கிரீட் தளம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது? கட்டிய கண்டிராக்டர் போய்விட்டார். சர்க்காரோ சாவியைக் கொடுத்துவிட்டது. குடியிருப்பவர் கையில் காசில்லை.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதை வடக்கே இன்னொரு கடலோர ஊர் காட்டியது. 2021 டிசம்பர் 27ஆம் தேதி, சென்னை திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. கட்டி முப்பது வருஷம்கூட ஆகாத கட்டடம். விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஆண்டில்தான் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள்.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த ஓர் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 2005 மார்ச்சில் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அப்பால் போகச் சம்மதித்தால், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம். சர்க்கார் உதவி கிடையாது. கடலின் சீற்றத்தை நினைத்தால் இதில் நியாயம் உண்டு. ஆயினும் படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த 200 மீட்டர் எத்தனை தூரம் என்பதைக் கடலோரத்தார்தான் அறிவார்கள். புது வீட்டுக்குத் திறந்த கஜானா, பழைய வீட்டைச் செப்பனிடத் திறக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. 2024இல் புது வீடுகளுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்ததோடு, சர்க்கார் உதவியில் முன்பு கட்டிப் பழுதுபட்ட இரண்டரை லட்சம் கிராம வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார்கள். வாரியக் குடியிருப்புகளில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக சர்க்காரும் பணம் போடும் ஏற்பாடு வந்திருக்கிறது. முன்பு கூரை வேய அண்டை அயலார் கூடினார்களே, அந்தப் பழக்கத்துக்கு இது புது உருவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீடு கேட்டு நிற்பவர்கள் வரிசை நீள்கிறதே என்று அதிகாரிகள் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயந்தான். ஆனால் காக்காமல் விட்டு இடியும் ஒவ்வொரு வீடும் அந்த வரிசையின் கடைசியில் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. முன்னால் கொடுத்துக்கொண்டே பின்னால் சேர்த்தால் வரிசை எப்படிக் குறையும்? திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், மாலை விழும், போட்டோ பிடிப்பார்கள். விரிசலைப் பூசுகிற கொத்தனாருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் கடலோரத்தில் ஓர் ஏழைக் குடும்பம் பயமில்லாமல் தூங்குவது அந்தக் கொத்தனாரின் கரண்டியை நம்பித்தான்.