பொட்டிபுரம் ஆய்வகமும் சுவிட்சின் தொடக்க அமைவுக் கோப்பும்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே, ஏலமலைச் சரிவை ஒட்டி அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். இங்கு இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். இத்துறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன.

தரவு செல்லும் வழி

மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவுவது திட்டம். இரும்புத் தகடுகளுக்கு இடையே 28,000க்கும் மேற்பட்ட உணர்அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையின் மின்னணுப் பலகையும் ஈத்தர்நெட் வழியாகத் தரவை அனுப்பும். அத்தரவைத் திரட்டிக் கணினிகளுக்குச் சேர்ப்பவை பிணையச் சுவிட்சுகள்.

1990இல் முதல் ஈத்தர்நெட் சுவிட்சை வெளியிட்டது அமெரிக்காவின் கல்பனா நிறுவனம். அதில் ஏழு முனைகள் இருந்தன. 1994இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை வாங்கியது.

இரண்டு கோப்புகள்

சிஸ்கோ வகைச் சுவிட்சில் இரண்டு அமைவுக் கோப்புகள் உண்டு. இயங்கும் அமைவு தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அழியும். தொடக்க அமைவு அழியா நினைவகத்தில் இருக்கும். சுவிட்ச் மீண்டும் இயங்கும்போது இதையே படிக்கும்.

இதைப் பார்க்க, முதலில் 'எனேபிள்' கட்டளையால் சிறப்பு உரிமை நிலைக்குச் செல்ல வேண்டும். பிறகு 'ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று கட்டளையிட வேண்டும். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' காட்டுவதுடன் அதை ஒப்பிட்டால், சேமிக்கப்படாத மாற்றங்கள் தெரியவரும். 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்பது சேமிக்கும் கட்டளை.

நியூட்ரினோ மோதல்கள் அரிதானவை. மின்தடைக்குப் பின் ஒரு சுவிட்ச் பழைய அமைவுடன் எழுந்தால், அதனுடன் இணைந்த அறைகளின் தரவு வந்துசேராமல் போகலாம். நிகழ்ந்து முடிந்த மோதலை மீண்டும் நிகழ்த்திப் பதிவு செய்ய இயலாது.

இன்றைய நிலை

சுரங்கம் தோண்டினால் நீர்வளமும் காடும் பாதிக்கப்படும் என்று அப்பகுதி மக்கள் அஞ்சினர். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. பொட்டிபுரத்தில் சுரங்கம் தோண்டப்படவில்லை. திட்டமிட்ட கருவியின் 85 டன் சிறு மாதிரி மட்டும் மதுரையில் 2018 முதல் இயக்கப்பட்டது.