நாலாயிரம் டாலர் நிலமும் நாலு நாற்காலியும்

கனடாவின் மேலவையான செனட்டில் உட்கார ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் 1867-ல் எழுதி வைத்தது. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். எந்த மாகாணத்தின் சார்பில் நியமிக்கப்படுகிறாரோ அங்கே குடியிருக்க வேண்டும். அந்த மாகாணத்தில் நாலாயிரம் டாலர் பெறுமானமுள்ள நிலபுலன் அவர் பேரில் இருக்க வேண்டும். கடன் போக மொத்தச் சொத்தும் நாலாயிரத்துக்குக் குறையக் கூடாது. அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு அந்தத் தொகைக்கு ஒரு கார் நிறுத்தும் இடமாவது கிடைக்குமா என்பது சந்தேகம். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் யாரும் அந்தத் தொகையைக் கூட்டவில்லை.

இந்தப் பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு: அந்த மாகாணத்து ஜனங்களின் சம்மதம். பிரதமர் பேர் சொல்வார், கவர்னர் ஜெனரல் கையெழுத்துப் போடுவார். 1965 வரை ஆயுள் பதவி. அதற்குப் பின் வந்தவர்களுக்கு 75 வயது வரை. நிலம் மாகாணத்தில், நியமனம் தலைநகர் ஒட்டாவாவில். இப்படி ஒரு ஏற்பாட்டில் மாகாணத்துக்கு உண்மையில் என்னதான் கிடைத்தது? இருப்பதிலேயே சின்ன மாகாணமான பிரின்ஸ் எட்வர்டு தீவின் கதையை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும்.

தீவின் பழைய நோயே நிலம்தான். 1767-ல் பிரிட்டிஷ் அரசு அதை 67 துண்டுகளாக்கி, லண்டனில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, தனக்கு வேண்டியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. நிலம் பெற்றவர்களில் பலர் அந்தத் தீவை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கப்பலேறி வந்து, காட்டை வெட்டி, கழனியாக்கியவன் குத்தகைக்காரன். குத்தகைப் பணம் வசூலிக்க ஏஜண்டு. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு காவிரிக்கரை நெல்லுக்குக் கணக்குக் கேட்ட மிராசுதாரை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நூறு வருஷம் தீவின் அரசியலில் முக்கால்வாசி இந்தச் சண்டைதான்.

1864 அக்டோபரில் கியூபெக் நகரில் கூட்டாட்சி மாநாடு கூடியபோது தீவுக்காரர்களும் போனார்கள். அங்கே மற்ற எதையும்விட அதிக நேரத்தை விழுங்கியது மேலவைப் பிரச்சினை. மக்கள் சபையில் தலைக்கணக்குப்படி இடம் என்று முடிவானதால், மேலவையிலாவது சின்ன மாகாணங்களுக்குப் பிடிப்பு வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தீவின் பிரதிநிதி ஆண்ட்ரூ ஆர்ச்சிபால்டு மெக்டோனால்டு, அமெரிக்காவைப்போல் எல்லா மாகாணத்துக்கும் சம எண்ணிக்கை கொடுங்கள் என்று வாதாடினார். நடக்கவில்லை. ஒன்டாரியோவுக்கு 24, கியூபெக்குக்கு 24, கடலோர மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 என்று பிரித்தார்கள். அதில் தீவின் பங்கு நாலு.

சொத்துத் தகுதியும் அந்த மாநாட்டில் உண்டானதுதான். பின்னால் முதல் பிரதமரான ஜான் ஏ. மெக்டோனால்டு (மேலே சொன்னவர் வேறு, இவர் வேறு) எந்த நாட்டிலும் பணக்காரர்கள் சிறுபான்மைதானே, அவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்டவர். ஆனால் ஊரில் இல்லாத நிலச்சுவான்தார்கள் கையில் கிடக்கும் தீவில், சொந்தமாக நாலாயிரம் டாலர் நிலம் வைத்திருப்பவரை எங்கே போய்த் தேடுவது? ஆகவே தீவுக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் மட்டும், நிலமாக இல்லாவிட்டாலும் ரொக்கமோ வேறு சொத்தோ இருந்தால் போதும் என்று மாநாட்டுத் தீர்மானத்திலேயே விலக்கு எழுத வேண்டி வந்தது.

இன்னொன்றும் உண்டு. தீவுக்கென்று இருந்த மேலவை 1862-லேயே தேர்தல் மூலம் அமைவதாக ஆகிவிட்டது. தேர்ந்தெடுத்துப் பழகியவர்களிடம் போய், நாங்கள் பார்த்து நாலு பேரைப் போடுகிறோம் என்றால் மனசு ஒப்புமா? 1867-ல் தீவு சேரவில்லை. ரயில்பாதை போட்ட கடன் கழுத்தை நெரித்த பிறகுதான், 1873 ஜூலை 1-ஆம் தேதி சேர்ந்தது. நிலச்சுவான்தார்களிடமிருந்து நிலத்தை வாங்க எட்டு லட்சம் டாலர் தருவதாக ஒட்டாவா ஒப்புக்கொண்டது. 1875-ல் கட்டாயக் கொள்முதல் சட்டம் வந்தது. சம இடம் கேட்டுத் தோற்ற ஆர்ச்சிபால்டு மெக்டோனால்டே 1891-ல் நியமன செனட்டராகப் போய் உட்கார்ந்தார் என்பதைச் சரித்திரத்தின் குறும்பு என்றுதான் சொல்லணும்.

நியமனம் என்றாலே ஆளுங்கட்சிக்கு உழைத்தவருக்குக் கிடைக்கும் ஓய்வுகால உத்தியோகம் என்று ஆகிவிட்டது. இதைப் பெரிதாக எதிர்த்தது மேற்கே உள்ள ஆல்பர்ட்டா மாகாணம். பெர்ட் பிரவுன் என்ற விவசாயி 1984-ல் பக்கத்து நிலத்துக்காரரின் பார்லி வயலில், தேர்ந்தெடுக்கப்பட்ட, சமமான, அதிகாரமுள்ள செனட் வேண்டும் என்ற கோஷத்தை ராட்சத எழுத்தில் உழுதே எழுதினார். 1989-ல் ஆல்பர்ட்டா தானாகவே ஒரு தேர்தல் நடத்தி, ஜெயித்த ஸ்டான் வாட்டர்ஸை நியமியுங்கள் என்றது. பிரதமர் மல்ரோனி மறு வருஷம் வேறு வழியில்லாமல் நியமித்தார். பிரவுனுக்கும் 2007-ல் இடம் கிடைத்தது. ஆனால் 2014-ல் உச்சநீதிமன்றம், செனட்டர் தேர்வுக்கு நாடாளுமன்றம் தன் சட்டத்தால் மட்டும் தேர்தல் கொண்டுவர முடியாது. ஏழு மாகாணங்களாவது, அதுவும் பாதி ஜனத்தொகை உள்ளவையாக, ஒப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. செனட்டையே ஒழிப்பதானால் எல்லா மாகாணமும் ஒப்ப வேண்டும். 2016-ல் சுயேச்சையான ஆலோசனைக் குழு ஒன்று பேர் சிபாரிசு செய்யும் முறை வந்தது. அந்த முதல் பட்டியலில் அமிர்தசரஸில் பிறந்த ரத்னா ஓமித்வாரும் ஒருவர். 2024 வரை ஒன்டாரியோவின் செனட்டராக இருந்தார்.

நிலத் தகுதி என்ன ஆச்சு? 1997-ல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பெக்கி பட்ஸ் என்ற கன்னியாஸ்திரீயை நியமித்தார்கள். ஏழ்மை விரதம் பூண்டவர், அவர் பேரில் ஏது நிலம்? அவருடைய சபையே ஒரு துண்டு நிலத்தை அவர் பேருக்கு மாற்றிக்கொடுத்துக் காரியத்தை முடித்தது. சட்டம் திருப்தியடைந்தது!

தீவின் கதை இவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. 2008 டிசம்பரில் பிரதமர் ஹார்ப்பர், டிவி செய்தியாளர் மைக் டஃபியைத் தீவின் செனட்டராக நியமித்தார். சார்லட்டவுனில் பிறந்தவர்தான், ஆனால் பல பத்தாண்டுகளாக வீடுவாசல், வேலை எல்லாம் ஒட்டாவாவில். தீவில் கேவண்டிஷ் என்ற இடத்தில் ஒரு கோடைக்கால வீடு இருந்தது. அதையே பிரதான இருப்பிடமாகக் காட்டி, ஒட்டாவா வீட்டுக்கு வெளியூர்ப் படி வாங்கினார் என்று பிரச்சினை கிளம்பியது. திருப்பிக் கட்ட வேண்டிய 90,172 டாலரைப் பிரதமரின் தலைமை அதிகாரி தன் சொந்தக் காசோலையாகக் கொடுத்தது வெளிவந்து, 2013-ல் அந்த அதிகாரியின் பதவி போயிற்று. டஃபி மீது 31 குற்றச்சாட்டுகள். 2016 ஏப்ரலில் அத்தனையிலிருந்தும் விடுதலையானார். விதிகளே தெளிவில்லை, அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் ஊரில் இல்லாத நிலச்சுவான்தாரை எதிர்த்து நூறு வருஷம் போராடிய தீவுக்கு, ஊரில் இல்லாத செனட்டரா என்று அங்கே கேட்டவர்களின் வயிற்றெரிச்சல் புரிகிறது.

இதை நாம் ரொம்பவும் சிரிக்க முடியாது. நம் ராஜ்ய சபையில் ஜனாதிபதி நியமிக்கும் 12 பேர் எந்த மாநிலத்துக்கும் பிரதிநிதி அல்ல, அது தனி. மாநிலங்களிலிருந்து வருபவர்கள் அந்தந்த மாநில வாக்காளர்களாக இருக்க வேண்டும் என்றுதான் 1951-ன் சட்டம் சொன்னது. மன்மோகன் சிங் 1991-லிருந்து 2019 வரை அஸ்ஸாமின் உறுப்பினர். விலாசம் கவுஹாத்தியில், முதல்வராக இருந்த ஹிதேஸ்வர் சைகியாவின் குடும்பத்து வீட்டில் குடக்கூலி. 2003-ல் அந்த விதியையே எடுத்துவிட்டு, இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் சரி என்று திருத்தினார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார். 2006-ல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஒன்று மட்டும் வித்தியாசம்: மன்மோகன் சிங்குக்கு ஓட்டுப் போட்டது அஸ்ஸாம் எம்.எல்.ஏ.க்கள்.

அப்படியானால் தீவுக்கு அந்த நாலு நாற்காலியால் பயனே இல்லையா? இருந்தது, உட்கார்ந்தவர்களால் அல்ல, எண்ணிக்கையால். 1873-ல் மக்கள் சபையில் தீவுக்கு ஆறு இடம். மேற்கே ஜனம் பெருகப் பெருக அது ஐந்தாகி, நாலாயிற்று. தீவு கோர்ட்டுக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடித் தோற்றது. 1911 கணக்கெடுப்புப்படி மூன்றாகக் குறைய வேண்டிய நேரத்தில், 1915-ல் அரசியல் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: எந்த மாகாணத்துக்கும் மக்கள் சபையில் அதன் செனட்டர்களின் எண்ணிக்கைக்குக் குறைவாக இடம் இருக்கக் கூடாது. தீவுக்கு நாலு நிலைத்தது. 2021-ல் அதன் ஜனத்தொகை 1,54,331, ஒரு எம்.பி.க்குச் சுமார் 38,600 பேர். நாடு முழுதும் அன்றைய சராசரி ஒரு லட்சத்து ஒன்பதாயிரம்.

நம்ம சென்னை மாநிலத்துக்கு 1962 தேர்தலில் லோக்சபாவில் 41 இடம், 1967-ல் 39. ராஜ்ய சபையில் எத்தனை பேர் இருந்தாலும் அதைத் தடுக்கும் அப்படியொரு வரி நம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1976-ல் 42-ஆவது திருத்தம் வந்து எண்ணிக்கையை உறைய வைக்கும்வரை, குறைந்தது குறைந்ததுதான்.