பத்துப் பொருத்தமும் பட்டப் பொருத்தமும்

நான் சிங்கப்பூரில் தாதி. பட்டயப் படிப்பு மட்டும் படித்தவள். இன்று பேசப்போகும் வரலாற்றில் அந்தத் தகவலுக்கும் இடமுண்டு.

1983 ஆகஸ்ட் 14, தேசிய தினப் பேரணி. பட்டதாரி ஆண்கள் தம்மைவிடக் குறைவாகப் படித்த பெண்களை மணக்கிறார்கள், பட்டதாரிப் பெண்கள் பலர் மணமாகாமலே இருக்கிறார்கள் என்று பிரதமர் லீ குவான் இயூ கவலைப்பட்டார். அறிவாற்றல் பெரும்பாலும் பிறப்பிலேயே வருகிறது என்பது அவர் நம்பிக்கை. ‘மாபெரும் திருமண விவாதம்’ தொடங்கியது.

1984இல் பட்டதாரிகளுக்குத் துணை தேட உதவும் அரசுப் பிரிவு வந்தது. பட்டம் பெறாதோருக்கு 1985இல் தனிப் பிரிவு. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. படிப்பும் வருமானமும் குறைந்த இளம் தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி.

என் அம்மா அந்தக் கடைசி வரிசையில் இருந்தவர். அவர் வாங்கவில்லை, பிறகு தம்பி பிறந்தான். ‘பத்தாயிரம் வெள்ளிப் பையன்’ என்று இன்றும் அவனைக் கேலி செய்வோம்.

1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்குவிகிதம் சுமார் 13 புள்ளி சரிந்தது. பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. துணை தேடும் பிரிவுகள் இரண்டும் 2009இல்தான் ஒன்றாயின.

முன்னுரிமை போனாலும் அன்றைய விருப்பம் தானாகவே நிறைவேறிவருகிறது. மருத்துவர் தாதியை மணந்த கதைகளை மூத்த தாதியர் சொல்வார்கள். இப்போது வார்டுக்கு வரும் அழைப்பிதழ்களில் மணமகன், மணமகள் இருவருமே மருத்துவர்கள். அமெரிக்காவிலும் 1960க்குப் பிறகு ஒரே அளவு படித்தவர்கள் தமக்குள் மணப்பது கூடியதாக ஷ்வார்ட்ஸ், மேர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெண்கள் படித்தார்கள், உடன் படித்தவரை, உடன் வேலை செய்பவரை விரும்பினார்கள். ஆனால் 1979 கோ கெங் சுவீ அறிக்கைக்குப் பிறகு பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே தரம் பிரிக்கப்பட்டார்கள். யார் யாரைச் சந்திப்பார் என்பது பாதி அங்கேயே முடிவாகிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பெரிய சம்பளம், இன்னொன்றில் இரண்டு சிறிய சம்பளம். டியூஷன், வீடு, சேமிப்பு என்று அந்த இடைவெளி அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

நம் முன்னோர் சாதி பார்த்தார்கள், பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். நாம் பட்டம் பார்க்கிறோம். கல்யாணத்தைத் திருத்த வந்த அரசு தோற்றதைப் பார்த்துவிட்டோம். திருத்த வேண்டியது சம்பள இடைவெளியை. அது சிறியதாக இருந்தால், யார் யாரைக் கட்டினாலும் பிள்ளைகளின் வாழ்வு இவ்வளவு மாறிப்போகாது.