சபை முதல் கணித்திரை வரை

சங்கம் என்றவுடன் மதுரையும் மன்னர் அவையும் நினைவுக்கு வருவது நம் மரபு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் ஜமீன் ஆதரவில் எழுந்ததே. செட்டிநாட்டுச் சபைகளின் இயல்பு சற்று வேறானது. அங்கே புரவலரும் கற்போரும் பெரும்பாலும் ஒருவரே. தாமே கூடி, தாமே பொருள் திரட்டி, எதைக் கற்பது என்பதையும் தாமே முடிவு செய்தனர். மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தோன்றியது. பண்டிதமணி கதிரேசனார் அதன் உயிர்நாடி. காரைக்குடியில் ராய. சொக்கலிங்கனாரும் நண்பர்களும் 1917இல் இந்து மதாபிமான சங்கத்தைக் கண்டனர். 1919இல் பாரதியார் அங்கு வந்து தங்கியதும், அப்போது எடுத்த ஒளிப்படங்களும் நம் வட்டத்தார் அறிந்தவை. அடுத்த ஆண்டே ‘தன வைசிய ஊழியன்’ இதழ் பிறந்தது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இவற்றுள் எதற்கும் அரசாணை இல்லை; பல்கலைக்கழகத்தின் வழிகாட்டலும் இல்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. இச்சபைகள் தம்மைத் தாமே ஆண்டன. அந்தத் ‘தம்மில்’ அடங்கியோர் பெரும்பாலும் வசதி படைத்த ஆடவர். பெண்டிர் கேட்போர் வரிசையில் இருந்தனர்.

இன்று முகநூல், வாட்சப் குழுக்கள், யூடியூப் ஆகியவற்றின் வழியே தமிழர் தாமே கூடித் தாமே கற்கின்றனர். கருவிதான் இவர்களை ஒன்றுசேர்த்தது என்பாருண்டு. அக்கூற்றில் எனக்கு உடன்பாடு பாதியே. கூட்டுவது கருவியாக இருக்கலாம். நிலைக்கச் செய்வது படியெடுக்கும் உழைப்பும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் ஒழுங்குமே ஆகும்.

இதற்குச் சான்று காரைக்குடிக்கு அருகிலேயே உள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய அவர்தம் வேட்கை, நூல், இதழ், நாடக விளம்பரம், திருமண அழைப்பு என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாகக் கோட்டையூர் வீட்டில் நிறைந்தது. ஆய்வாளர் பலர் அவ்வீட்டுக்கு வந்து பயன்கொண்டனர். எனினும் அது தனியொருவர் தோளில் நின்ற களஞ்சியம். 1992இல் அவர் மறைந்தபின் அதன் கதி என்னவாகும் என்ற வினா எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக அமைய வழிசெய்தமையால் பிழைத்தது. யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1981இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. 2005இல் ஈழத்து ஆர்வலர் தொடங்கிய ‘நூலகம்’ மின்தொகுப்பை அந்நெருப்பை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒரு நாட்டில் ஒருவர் நூலைத் தட்டச்சிடுவார். வேறொரு நாட்டில் மற்றொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஊதியம் இல்லை, நூலுக்கு விலையும் இல்லை. அந்நாளில் ஒரு எழுத்துருவில் அடித்த தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இதனைத் தீர்க்கத் தன்னார்வலர் மின்னஞ்சலிலேயே வாதிட்டுத் ‘தகுதரம்’ என்ற குறியீட்டு முறையை உருவாக்கினர். அரசோ 1999இல் சென்னையில் நடத்திய தமிழ்நெட் மாநாட்டின் வழி வேறு முறைகளை ஏற்றது. இருசாராரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில் யூனிகோடு வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. அம்மாநாட்டில் ஏற்ற விசைப்பலகை மட்டும் இன்றும் பலர் விரல்களில் வாழ்கிறது.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் மயூரநாதன் வளைகுடா நாட்டில் பணியாற்றிக்கொண்டே ஓய்வு நேரத்தில் கட்டுரைகள் எழுதினார். இன்று அது ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்துள்ளது. இங்கும் எழுதும் பெண்கள் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய சபையின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

வாட்சப்பில் வலம்வரும் கவிதைகளின் நிலை நம் கவிஞர்களுக்குத் தெரியாததன்று. இரண்டாம் கைக்குப் போகும்போதே எழுதியவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. ஐந்தாம் கையில் பாரதியார் பெயரோ கண்ணதாசன் பெயரோ ஒட்டிக்கொள்கிறது. திருத்துவார் இல்லை, திருத்தினாலும் அது முன்சென்ற படிகளை எட்டுவதில்லை. பரப்புதல் வேறு, காத்தல் வேறு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கும் கதவுக்கும் விலையுண்டு. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதக்கட்டுகளையும், பேரேடுகளையும், மணவிழாவிலும் மணிவிழாவிலும் வழங்கிய சிறு நூல்களையும் கேட்டு வருவோர் மிகச் சிலரே. ஒரு கைப்பேசிப் படம் அவற்றுக்குப் படியாகலாம். ஆனால் எவ்வூர், யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்ற குறிப்பின்றி எடுத்த படம், குறிப்பில்லாத ஓலைக்கட்டைப் போன்றதே.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இப்போது பக்கம் பக்கமாக ஏறுகின்றன. கணிப்பொறி படித்தெடுத்த பக்கம் முதலில் சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை. திருத்தியவரே அதனைப் பச்சையாக்க விதி இடந்தராது. ணகர னகரத்தில் பொறி இடறுகிறது. சீர்பிரித்த செய்யுளை உரைநடையாக்கிவிடுகிறது. யாப்பறிந்த கண் படவேண்டிய சிவப்புப் பக்கங்கள் அங்கே இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.