ஷட்டர் பிழைத்த படங்கள்: வன்னியின் பழைய படங்களை வாசிப்பது பற்றி

வன்னியில் ஒரு வீட்டில் பழைய படமொன்றை வெளியில் எடுத்தால், அது ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு வழமையாக ஒரே பதில்தான்: "படம் பழசு, தண்ணி பட்டிட்டுது, அதான்." ஒரு பக்கம் கறுத்திருந்தாலும் இதுதான் பதில். எல்லார் முகமும் வெளிறிப்போய் இருந்தாலும் இதுதான் பதில். பல நேரம் அது சரியும்தான். பங்கருக்குள் கிடந்து, சொப்பிங் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரையும் கண்டு வந்த படங்கள் அவை. ஆனாலும் சில பழுதுகள் படம் எடுத்த அந்த நொடியிலேயே வந்தவை. அவற்றுக்குக் காரணம் கமராவின் ஷட்டர். இந்த இரண்டு வகைப் பழுதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கட படங்களில் இன்னும் கொஞ்சம் வரலாறு வாசிக்கலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

ஷட்டர் என்பது ஒரு சின்னக் கதவு. பிலிமில் வெளிச்சம் படாமல் மூடி நிற்கும். பட்டனை அமத்தும்போது திறந்து, கணக்காக மூடவேண்டும். நல்ல வெயிலில் 1/250 செக்கன், மர நிழலில் 1/60 செக்கன் என்று அந்தக் கணக்குப் போகும். பழைய கமராக்களில் இந்தக் கதவு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, லென்சுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள். பூ விரிவது போல் நடுவில் இருந்து திறந்து மூடும். ஜேர்மனியின் மியூனிக்கில் பிரீட்ரிக் டெக்கலின் தொழிற்சாலை 1912 இல் வெளியிட்ட கொம்பர் ஷட்டர் இந்த வகையில் பேர்பெற்றது. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் யாஷிகா மற் கமராவிலும் இதே வகைதான். மற்றையது, பிலிமுக்கு நேர் முன்னால் ஓடும் இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு போய் மூடும். 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா இந்தத் திரை ஷட்டரைச் சின்னக் கமராவுக்குள் கொண்டுவந்தது. பிறகு வந்த யப்பான் கமராக்கள் பலதும் அதே வழியில் போயின.

இதில் வன்னிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், பற்றரியில் இருந்து தொடங்கவேண்டும்.

1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து என்று நீண்ட பட்டியலில் பற்றரியும் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில், 2002 இல் தடைகள் தளர்த்தப்படும் வரை, அரை கட்டை பற்றரிக்கும் தட்டுப்பாடுதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட கதையை எங்களுக்கு முந்தின தலைமுறை எல்லாருக்கும் சொல்லத் தெரியும். அதே தட்டுப்பாட்டைக் கமராவில் வைத்து யோசித்துப் பாருங்கோ.

1976 இல் வந்த பென்ரக்ஸ் கே1000 போன்ற ஒரு கமராவுக்கு வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான் பற்றரி தேவை. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்லுச் சக்கரத்திலும் ஓடும். பற்றரி செத்தாலும், வெளிச்சத்தைக் கண்ணால் மதிக்கத் தெரிந்தவர் படம் எடுக்கலாம். யாஷிகா மற்-124ஜியும் அப்படித்தான். ஆனால் 1966 இல் வந்து உலகமெங்கும் விற்ற யாஷிகா இலெக்ரோ 35 இல் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்று தீர்மானிப்பதே மின்சுற்றுத்தான். பற்றரி இல்லாவிட்டால் அது எப்போதும் 1/500 செக்கனில்தான் அடிக்கும். 1/60 தேவைப்படும் நிழலில் 1/500 என்றால் பிலிமுக்குப் போவது தேவையான வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு. படம் இருண்டுதான் வரும். ஆக, சந்தையில் "பழைய மொடல்" என்று தள்ளிவைக்கப்பட்ட வெறும் ஸ்பிரிங் கமரா, தடைக்குள் இருக்கும் ஊரில் பெறுமதியான சாமான்.

ஆனால் ஸ்பிரிங் கமராவுக்கும் வருத்தம் வரும். உள்ளே தடவிய கிரீஸ் வருடக்கணக்கில் வெக்கையில் இளகி, எண்ணெய் பிரிந்து, தகடுகளுக்கு மேல் படரும். எண்ணெய் பட்ட தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டும். மெதுவாகத் திறக்கும், அல்லது மூடாமல் நிற்கும். வெளிச்சம் அளவுக்கு மேல் போகும். அந்தப் படத்தில் முகங்கள் வெளிறும், அசைந்த கை புகைபோல் இழுபடும். திரை ஷட்டரில் வருவது வேறு. செம்மண் புழுதியோ காய்ந்த எண்ணெயோ முதல் திரையைப் பிடித்தால், பின்னால் வரும் இரண்டாவது திரை அதை எட்டிப் பிடித்துவிடும். படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமே படாமல் கறுத்துப்போகும். வேகம் கூடக்கூட, 1/500, 1/1000 இல், இது மோசமாகும். இன்னொன்று, துணித்திரை கொண்ட கமராவை மூடியில்லாமல் வெயிலைப் பார்க்க வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலைசெய்து திரையில் ஊசித்துளை எரித்துவிடும். பிறகு அந்த றோலில் படத்துக்குப் படம் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வரும்.

இனி ஒரு படத்தைக் கையில் எடுத்தால் எப்படிப் பிரித்தறிவது? முதலில் நெகற்றிவ் இருக்கிறதா என்று தேடவேண்டும். தண்ணியும் வெயிலும் அச்சுப் படத்தைத் தின்றிருந்தால் நெகற்றிவ் நல்லாக இருக்கக்கூடும். ஷட்டர் பிழை என்றால் அது நெகற்றிவிலேயே இருக்கும். நெகற்றிவ் இல்லாவிட்டால் அதே நாளில் எடுத்த மற்றப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தண்ணிக் கறை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி, பெரும்பாலும் ஓரத்தில் இருந்து உள்ளே வரும். ஷட்டர் பிழை ஒரே பக்கத்தில், ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும். ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: வீட்டுக்குள் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டியது போல் கறுத்திருந்தால், கமரா பழுதாக இல்லாமலும் இருக்கலாம். திரை ஷட்டரில் பிளாஷுக்கு என்று ஒரு வேக எல்லை உண்டு. கே1000 இல் அது 1/60. அவசரத்தில் அதற்கு மேல் வைத்து அடித்தாலும் இப்படித்தான் வரும்.

கமராவே கையில் இருந்தால் சோதனை இன்னும் லேசு. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பார்க்கவேண்டும். 1 செக்கனில் வைத்தால் உள்ளே சக்கரம் ஓடும் சத்தம் கேட்கும். அது இழுத்து இழுத்து ஓடினால் அல்லது நடுவில் நின்றால் உள்ளே அழுக்கு. திருத்துபவர்கள் முந்தி பழைய குழாய் ரீவிக்கு முன்னால் பிடித்து, அதன் வரிகளில் தெரியும் வெளிச்சப் பட்டையின் அகலத்தை வைத்து வேகத்தைக் கணித்தார்கள். இன்று கைபேசியே போதும். செக்கனுக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோ மோஷனில் எடுத்தால், சரியான 1/30 கிட்டத்தட்ட 8 படங்களில் திறந்திருக்கும். 16 படங்களில் திறந்திருந்தால் ஷட்டர் பாதி வேகத்தில் ஓடுகிறது. இரண்டு மடங்கு வெளிச்சம் போகிறது.

திருத்தத்தில் முதல் விதி, தகடுகளுக்கு எண்ணெய் விடக்கூடாது. "இறுகிப்போச்சு, ரெண்டு சொட்டு விடுவம்" என்று தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அன்றைக்கு ஓடும், பிறகு இன்னும் மோசமாக ஒட்டும். லைற்றருக்கு ஊற்றும் திரவம் போல் கறை விடாமல் ஆவியாகிப் போவதால் கழுவித் துடைப்பதுதான் முறை. திரை மெதுவாக ஓடினால் ஸ்பிரிங்கை முறுக்கிவிடும் ஆசை வரும். அழுக்கை எடுக்காமல் முறுக்கினால் பிழை மறையுமே தவிரத் தீராது. ஊசித்துளையை வளைந்துகொடுக்கும் கறுப்புப் பூச்சால் அடைக்கலாம். உப்புத்தண்ணி குடித்த கமரா வேறு கதை. 2004 டிசம்பர் 26 கடல்கோள் முல்லைத்தீவுக் கரையில் எடுத்துக்கொண்டு போனவற்றோடு ஒப்பிட்டால் கமரா ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கடல்நீர் புகுந்த பல்லுச் சக்கரங்கள் சில நாளிலேயே துருப்பிடித்துவிடும்; அதைத் திரும்ப ஓடவைப்பது மிகக் கஷ்டம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? வன்னியில் பலருக்கு மிஞ்சியது ஒரேயொரு படம்தான். 2009 மே வரை முள்ளிவாய்க்காலை நோக்கிப் போன வழியெல்லாம் அல்பங்கள் கைவிடப்பட்டன. பலரிடம் இருந்தது தேசிய அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அம்மாக்கள் ஏந்தி நின்றதும் அப்படிப் பெருப்பித்த படங்களைத்தான். அங்கே படம் ஒரு சாட்சி. ஆனபடியால் அதைத் "துப்புரவாக்கும்" முன் யோசிக்கவேண்டும். இப்போது கைபேசிச் செயலி ஒன்றில் போட்டால் கறுத்த பக்கம் வெளிக்கும், புள்ளி போகும், மங்கிய கண் கூர்மையாகும். அந்தக் கண் உண்மையில் அந்தப் பிள்ளையின் கண்ணாக இருக்காது; செயலி ஊகித்துப் போட்ட கண்.

பிழையும் ஒரு தகவல்தான். ஒரே இடத்தில் அதே புள்ளி உள்ள இரண்டு படங்கள் வேறு வேறு வீடுகளில் கிடைத்தால், இரண்டும் ஒரே கமராவில் எடுத்தவை என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அதில் இருந்து எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தேடிப் போகலாம். புள்ளியை அழித்தால் அந்த வழியும் அடைபடும்.

அதனால் எங்கட வயதுக்காரரிடம் கேட்பது இதுதான். படத்தை முதலில் இருக்கிறபடியே ஸ்கான் பண்ணி வையுங்கோ. திருத்துவதென்றால் பிரதியில் திருத்துங்கோ. பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கான் பண்ணுங்கோ. 2005 இல் இருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்களில் எங்கட ஊர்ப் படங்களும் சேரவேண்டுமென்றால் இந்த விபரங்களோடுதான் சேரவேண்டும். அலுமாரியில் ஓடாத கமரா கிடந்தால் இரும்புக்குப் போடாதையுங்கோ. உள்ளே கழுவாத றோல் இருக்கக்கூடும், வெளிச்சத்தில் திறக்கவும் வேண்டாம். முக்கியமாக, உங்கட ஊரில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர், கமரா திருத்தினவர் இன்னும் இருந்தால் போய்க் கேளுங்கோ: பற்றரி இல்லாத காலத்தில் எந்தக் கமரா வைத்திருந்தீர்கள், அது எப்ப எப்பப் பிழைத்தது, எதால் திருத்தினீர்கள் என்று. அந்த விடைகளை இதுவரை பெரிதாக யாரும் எழுதிவைக்கவில்லை. அவை தெரிந்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.